முன்னமே தெரிந்துகொண்டவர்கள்

மே 1, வியாழன்

இன்று எபனேசர்புரத்தில் மூன்றாம் உலகப்போர் மூண்டது. இடம்: என் தங்கை பூமணி வீட்டு முன்னறை. ஆயுதம்: ஒரு பேனா. சேதம்: ஒரு தட்டு முறுக்கு.

பின்னால் வரப்போகும் சரித்திர ஆசிரியர்கள் திணறக் கூடாது என்பதற்காக விவரமாக எழுதிவைக்கிறேன். ஞானசிகாமணி ஆகிய நான் ஓய்வுபெற்ற பேருந்து நடத்துனர். எட்டுக் கோடிப் பயணிகளை ஒரே ஒரு விசிலால் ஆண்ட சக்கரவர்த்தி. மனைவி மக்கள் கிடையாது. பூமணியின் மகள் பெர்சிஸுக்கு இந்த மாதம் 29-ம் தேதி கல்யாணம். பையன் யாபேஸ், பாளையங்கோட்டைக்காரன். அழைப்பிதழுக்கு வாசகம் எழுதலாம் என்று இரண்டு அப்பாக்களும் இன்று உட்கார்ந்தார்கள். உட்கார்ந்திருக்கக் கூடாது.

பையனின் அப்பா ஏனோக் சார், கணக்கு வாத்தியாராக இருந்தவர். யார் பரலோகம் போவார், யார் போகமாட்டார் என்பதை உலகம் உண்டாகும் முன்பே ஆண்டவர் முடிவுசெய்துவிட்டார், இனி அதில் ஒரு புள்ளிகூட மாறாது என்பது அவர் கட்சி. பெண்ணின் அப்பா வேதமாணிக்கம், என் தங்கை புருஷன், பேருந்து நிலையங்களில் நின்று தொண்டை கிழியப் பிரசங்கம் செய்கிறவர். கதவு எல்லாருக்கும் திறந்திருக்கிறது, நுழைவதும் நுழையாததும் உன் இஷ்டம், இன்றைக்கே தீர்மானம் எடு என்பது அவர் கட்சி.

"'உலகத்தோற்றத்துக்கு முன்னே தேவனால் முன்குறிக்கப்பட்ட யாபேஸ், பெர்சிஸ்'னு போட்டாத்தான் சரி," என்றார் ஏனோக் சார்.

"அதெப்படி சார்? நான் உபவாசம் கெடந்து ஜெபிச்சு எடுத்த தீர்மானம் இது. 'ஜெபத்துடன் தீர்மானித்தபடி'ன்னுதான் போடணும்."

"நீங்க உபவாசம் இருக்கணும்கிறதும் முன்குறிச்சதுதான்."

"நான் பசியில மயங்கி விழுந்தது?"

"அதுவும்."

"அப்ப நான் எதுக்கு சார் பஸ் ஸ்டாண்டுல நின்னு கத்துதேன்? வாரவன் எப்படியும் வருவான், வராதவன் எப்படியும் வரமாட்டான்னா என் தொண்டைக்கு என்ன சோலி?"

நான் சமாதானப் புறாவாகப் பறந்து நடுவில் இறங்கினேன். "சார் சொல்லுதது ரிசர்வேஷன் வண்டி. மாப்ள சொல்லுதது கையக் காட்டுனா நிக்கிற வண்டி. எதுல ஏறுனா என்ன, ஊரு ஒண்ணுதான?" இருவரும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வை பட்டிருந்தால் ஐப்பசியில்கூடக் குற்றாலம் வற்றிப்போயிருக்கும்.

ஏனோக் சார் எழுந்து குடையை எடுத்தார். "வேத சத்தியத்துக்கு விரோதமா ஒரு வரி அச்சாச்சுன்னா, இந்தச் சம்பந்தத்தையே நான் யோசிக்க வேண்டியிருக்கும்."

சமையலறை வாசலில் பெர்சிஸ் தோசைக் கரண்டியோடு நின்றாள். உள்ளே தோசை கருகியது. அடுப்பு அதிகமாக எரிந்திருக்கலாம்.

யாபேஸ் என்ற அந்தப் பையனை நான் இதுவரை கண்ணால்கூடக் கண்டதில்லை என்பதையும் இங்கே பதிவுசெய்கிறேன். இந்த டைரி வேதமாணிக்கம் கையில் சிக்கினாலும் சிக்கும்.

மே 2, வெள்ளி

வெற்றி! உலகத்தில் நீடித்த உடன்படிக்கைகள் எல்லாம் செயப்பாட்டு வினையில் எழுதப்பட்டவை. நான் எழுதிய வாசகம்: "முன்னமே தெரிந்துகொள்ளப்பட்ட யாபேஸ், பெர்சிஸ்."

வேதபாஷையில் தெரிந்துகொள்வது என்றால் தேர்ந்தெடுப்பது. யார் தேர்ந்தெடுத்தது? அதை நான் சொல்லவில்லை. சொல்லாததில்தான் என் மேதைமை குடியிருக்கிறது. "தேவனால்னு சொல்லாமலே விளங்குது," என்று ஏனோக் சார் போனில் குளிர்ந்தார். "எங்களாலன்னு சொல்லாமலே விளங்குது," என்று வேதமாணிக்கம் இங்கே குளிர்ந்தார். ஐக்கிய நாடுகள் சபையிலிருந்து ஆள் வரக்கூடும். நல்ல வேட்டி ஒன்றைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன்.

பஜாரில் இசக்கிராஜாவின் அச்சகத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். நல்ல பையன். தமிழில் எம்.ஏ. "அண்ணாச்சி, எழுத்துப்பிழை இருந்தா திருத்திரலாமா?" என்று கேட்டான்.

"தாராளமா," என்றேன்.

மே 4, ஞாயிறு

முதல் ஓலை வாசித்தாயிற்று. எதிர்காலத்தார் குறித்துக்கொள்க: எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஆராதனையில் பெண் மாப்பிள்ளை பெயரைப் போதகர் வாசிப்பார். தடை ஏதும் உண்டென்று தெரிந்தவர் எழுந்து சொல்லலாம் என்பார். இதற்கு ஓலை என்று பெயர். மூன்று ஓலையும் முடிந்தால்தான் தாலி.

நான் கோயிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கேட்டேன். யாருக்கு ஓலை வாசித்தாலும் நான் அங்கேதான். உள்ளே வெக்கை. "தடை ஏதும்" என்று போதகர் கேட்டபோது ஒரு காகம் கரைந்தது. சபை அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

ஆராதனை முடிந்து பெர்சிஸ் மரத்தடிக்கு வந்தாள்.

"மாமா, உள்ள வந்து இருக்கலாம்லா?"

"வெக்கை பிள்ள."

"வெளியதான் மாமா வெக்கை." முந்தானையால் எனக்கு விசிறினாள். "மூணாவது ஓலை வாசிக்கிற வரைக்கும் எனக்குச் சோறு எறங்காது. நாலு வருசமாப் பேசிட்டிருக்கோம்னு அப்பாவுக்குத் தெரிஞ்சா என்ன ஆவும்? கர்த்தர் தன் ஜெபத்தைக் கேட்டு எங்கிருந்தோ ஒரு வரனைக் கொண்டாந்தாருன்னு சபையில எந்திரிச்சு சாட்சி வேற சொல்லிட்டாவ."

நாலு வருசமா யாரோடு என்று நான் கேட்கவில்லை. எனக்கு ஒன்றுமே தெரியாது. அந்த யாபேஸ் காபியில் சர்க்கரை போடமாட்டான் என்பதுகூட எனக்குத் தெரியாது.

மே 6, செவ்வாய்

பந்தல்காரன் வந்து அளந்துகொண்டு போனான். என் வீட்டுக்கும் பூமணி வீட்டுக்கும் இடையே நாலாயிரம் தடவை நடந்தேன். வேலை ஒன்றும் இல்லை.

மே 9, வெள்ளி

இசக்கிராஜா அழைப்பிதழ்க் கட்டைக் கொண்டுவந்து பூமணி வீட்டில் இறக்கினான். தங்க எழுத்து, மேலே இரண்டு புறா, கீழே ஒரு சிலுவை. வேதமாணிக்கம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பேருந்து நிலையக் குரலிலேயே வாசித்தார்:

"'முன்னமே ஒருவரையொருவர் தெரிந்துகொண்ட செல்வன் யாபேஸும் செல்வி பெர்சிஸும்...'"

நிறுத்தினார். மறுபடி வாசித்தார். இரண்டாம் முறை குரல் பாதியாகிவிட்டது.

"எலே இசக்கி, என்னல இது?"

"நாந்தான் திருத்துனேன் அண்ணாச்சி," என்றான் அவன், பாராட்டை எதிர்பார்த்து. "'தெரிந்துகொள்ளப்பட்ட'ன்னு இருந்துச்சு. தமிழ் நொண்டுச்சு. யாரு யாரைத் தெரிஞ்சுக்கிட்டான்னு எழுவாயே இல்ல. பொண்ணும் பையனும் முன்னாடியே பழக்கம்னு சொல்ல வாரீங்க போலன்னு நெனச்சேன். இப்பல்லாம் அதை வெளிப்படையாவே போடுதாங்க."

நான் சிரித்தேன். சிரித்தே இந்தக் கப்பலைக் கரைசேர்த்திருப்பேன். அச்சுப்பிழை, ஒரு வாரத்தில் வேறு அடித்துக்கொள்ளலாம் என்று வாயைத் திறந்துமாயிற்று. ஆனால் வேதமாணிக்கம் சிரிக்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. தன் மகளைப் பார்த்தார்.

ஒரு சின்னப் பொய் போதும். அந்தப் பிள்ளைக்கு அது வரவில்லை. முகமெல்லாம் சிவந்து, கழுத்து சிவந்து, காதுவரை சிவந்து நின்றாள். எழுவாய், பயனிலை எல்லாம் அந்த முகத்தில் தெரிந்தது.

"எத்தன நாளா?" என்றார்.

"நாலு வருசமாப்பா."

அவர் அழைப்பிதழை மடித்து உறைக்குள் வைத்தார். உறைக்குள் போக அது அடம்பிடித்தது.

மே 10, சனி

ஊருக்கெல்லாம் செய்தி போய்விட்டது. அலெக்சாண்டர் படையெடுத்து வந்த சேதிகூட இத்தனை வேகமாகப் பரவியிருக்காது. பாளையங்கோட்டைக்கும் போய்விட்டது. ஏனோக் சார் போனை எடுக்கவில்லை.

வேதமாணிக்கம் சாப்பிடவில்லை. நான் பேசிப் பார்த்தேன்.

"மாப்ள, நீரு ஊரெல்லாம் என்ன சொல்லுதீரு? தீர்மானம் உன் கையிலன்னுதான? அந்தப் பிள்ள எடுத்திருக்கு."

"மச்சான், நான் எடுக்கச் சொன்னது ஆண்டவருக்காக. ஆளு புடிக்கிறதுக்கு இல்ல." எழுந்து நடந்தார். சுவர் வந்ததும் திரும்பினார். "நான் சபையில எந்திரிச்சு சாட்சி சொன்னேன்வே. பட்டினி கெடந்து கேட்டேன், குடுத்தாருன்னு. நான் கேக்கதுக்கு நாலு வருசம் முன்னாடியே இங்க எல்லாம் முடிஞ்சுபோச்சு. அப்ப நான் யாருகிட்டவே கேட்டேன்? செவத்துகிட்டயா?"

செம்பில் தண்ணீர் மொண்டு நீட்டினேன். வாங்கவில்லை.

"மூணாவது ஓலையில நான் எந்திரிப்பேன்," என்றார். "தடை இருக்குன்னு சொல்லுவேன். தகப்பனைக் கேக்காத கல்யாணத்துக்குத் தகப்பன்தான் தடை."

மே 11, ஞாயிறு

இரண்டாம் ஓலை. வேதமாணிக்கம் கோயிலுக்கு வரவில்லை. நான் வேப்பமரத்தடியில். காகமும் வரவில்லை.

மே 13, செவ்வாய்

பாளையங்கோட்டைக்குப் போனேன். நான் போன பேருந்தில் நடத்துனன் ஒரு பொடியன், விசில் ஊதத் தெரியவில்லை. நாடு எங்கே போகிறதோ.

ஏனோக் சார் வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. யாபேஸ் எனக்குக் காபி கொண்டுவந்து வைத்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக அவனைப் பார்க்கிற மாதிரி "தம்பி பேரென்ன?" என்று கேட்டேன். அவன் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. உள்ளே போய்விட்டான்.

"சார், உங்க கணக்குப்படி இதுவும் முன்குறிச்சதுதான?" என்று ஆரம்பித்தேன். "நாலு வருசப் பழக்கம், இசக்கிராஜாவோட எம்.ஏ., எல்லாம்?"

"ஆமா."

"பெறகு எதுக்கு சார் கோவம்?"

மேசைமேல் இருந்த சாக்பீஸ் துண்டை உருட்டிக்கொண்டே இருந்தார். பள்ளிக்கூடத்தை விட்டு வந்து எத்தனையோ வருடமாயிற்று, சாக்பீஸ் மட்டும் விடவில்லை.

"புத்திக்குத் தெரியுது சிகாமணி. நெஞ்சுக்குத் தெரியல. தினமும் ராத்திரி நானும் அவனும் சேர்ந்துதான் ஜெபம் பண்ணுவோம். நாலு வருசம் பக்கத்துல முழங்கால் போட்டவன் ஒரு வார்த்தை சொல்லல." பிறகு நிமிர்ந்தார். "இது எப்படித்தான் தொடங்கிச்சு?"

"சில்லறைத் தட்டுப்பாடு, சார்."

சொல்லத்தான் வேண்டியிருந்தது. நான் வேலையில் இருந்த கடைசி வருடம். பெர்சிஸ் பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். தினமும் என் வண்டிதான். அதே வண்டியில் பாளையங்கோட்டை எல்லையில் ஏறி ஒரு பையன் வருவான். உட்கார இடம் கிடைத்தாலும் ஒரு நிறுத்தத்துக்கு மேல் உட்காரமாட்டான், யாராவது கைப்பிள்ளைக்காரிக்குக் கொடுத்துவிடுவான். ஒருநாள் இரண்டு பேருக்கும் மீதி கொடுக்க என் பையில் சில்லறை இல்லை. எந்த நடத்துனனும் செய்வதை நானும் செய்தேன். ஒரு பத்து ரூபாய்த் தாளை இரண்டு பேருக்குமாகக் கொடுத்து, "எறங்குன பெறகு மாத்திப் பிரிச்சுக்கோங்க" என்றேன். இறங்கினார்கள். டீக்கடையில் மாற்றப் போனார்கள். இன்னும் பிரிக்கவில்லை.

ஏனோக் சார் சாக்பீஸை உருட்டுவதை நிறுத்தினார். "உண்மையிலேயே பையில சில்லறை இல்லையா?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் கடமை ஓய்வுபெற்ற நடத்துனனுக்கு இல்லை என்று விதி இருக்கிறது. எந்த விதி என்பது மறந்துவிட்டது.

அவர் உதட்டோரம் ஏதோ அசைந்தது. உடனே அடக்கிக்கொண்டார். "பொண்ணோட அப்பா என்ன சொல்றார்?"

"மூணாவது ஓலையில எந்திரிப்பேங்கார்."

"எந்திரிக்கலன்னா அது தேவ சித்தம். நான் வாய் திறக்கமாட்டேன். எந்திரிச்சு நிறுத்திட்டாருன்னா, அதுவும் தேவ சித்தம். என் பையனை நான் வேற எடத்துல..." முடிக்கவில்லை. உள்ளறைக் கதவுக்குப் பின்னால் ஒரு நிழல் நின்றது.

ஆக, ஆண்டவருடைய சித்தம் முழுவதும் இப்போது வேதமாணிக்கத்தின் முழங்கால் மூட்டில் இருக்கிறது.

மே 15, வியாழன்

பந்தல் போட வரவா என்று பந்தல்காரன் கேட்டான். வா என்றும் சொல்ல முடியவில்லை, வராதே என்றும் சொல்ல முடியவில்லை. மோர் கொடுத்து அனுப்பினேன்.

மே 17, சனி

சாயங்காலம் வேதமாணிக்கம் முன்னறையில் உட்கார்ந்து கைப்பிரதிகளைக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். திங்கள்கிழமை சந்தையில் ஜனங்களுக்குக் கொடுக்கும் சுவிசேஷத் தாள்கள். நான் செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்து வாசித்துக்கொண்டிருந்தேன். பெர்சிஸ் வந்து அவர் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"அப்பா, நாளைக்கு எந்திரிக்கப் போறீயளா?"

கட்டினார்.

"நான் பொய் சொன்னேன்பா. அது தப்பு. எத்தன தடவ வேணும்னாலும் மன்னிப்பு கேக்கேன். பொய் சொன்னதுதான் தப்பு, யாபேஸ் தப்பில்ல."

"எங்கிட்ட ஒரு வார்த்த..."

"சொன்னா முடிச்சிருப்பீய."

அது உண்மை. அவர் கயிற்றை இழுத்தார், அறுந்தது. வேறு கயிறு எடுத்தார்.

"சின்னதுல நான் உங்க பக்கத்துல பஸ் ஸ்டாண்டுல நின்னு இந்தக் கைப்பிரதி குடுத்திருக்கேன்," என்றாள். "'தீர்மானம் எடு, தீர்மானம் எடு'ன்னு நரம்பு புடைக்கக் கத்துவீய. யாருப்பா நின்னா? அவங்கவங்க கடலைய வாங்கிட்டு வண்டி ஏறிப் போனாங்க. எனக்கு அழுகையா வரும். பெறகு பெறகு நான் கேக்க ஆரம்பிச்சேன். அந்தக் கூட்டத்துல உங்க பேச்சக் கேட்டு, தானா நெனச்சு, ஒரு தீர்மானம் எடுத்த ஆளு நான் ஒருத்திதான்பா. அதையும் நீங்களே எந்திரிச்சு அழிக்கப் போறீய."

எழுந்து போய்விட்டாள். வேதமாணிக்கம் கட்டிய கட்டை அவிழ்த்தார். மறுபடி கட்டினார். நான் இருப்பதையே மறந்தவர்போல, "அவரு முன்னாலயே எழுதி வச்சாரா, இவ தானா எழுதுனாளா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார். "ரெண்டுலயும் என் பேரு எங்க இருக்கு?"

சாப்பிடச் சமையலறைக்குப் போனேன். பூமணி குழம்பு ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"நாளைக்கும் வேப்பமரத்தடிதானா அண்ணே?"

"உள்ள வெக்கை."

"ஒனக்கும் லீதியாளுக்கும் ரெண்டு ஓலை வாசிச்சாவ. மூணாவது அன்னைக்கு அவ அப்பா நிறுத்திட்டாரு. அவ தலையத் தூக்கி ஒன்னத் தேடிட்டு இருந்தா. நீ அந்த மரத்தடியில உக்காந்திருந்த. வீட்டுக்கு வந்து, 'முன்குறிக்கல பூமணி'ன்னு சொல்லிட்டுப் படுத்த." கரண்டியைச் சட்டியில் போட்டாள். "முன்குறிக்கலயாம். நீ எந்திரிக்கல அண்ணே, அவ்வளவுதான்."

குழம்பில் இன்று காரம் அதிகம். கண்ணெல்லாம் எரிந்தது.

மே 18, ஞாயிறு

அக்கினி நட்சத்திர வெயில், பாறை வெடித்தது. மழை வரும்போல இருந்ததால் கோயிலுக்கு உள்ளே போனேன். இந்த இரண்டு வாக்கியமும் ஒன்றுக்கொன்று முரண் என்பவர்கள் வானிலை சாஸ்திரம் அறியாதவர்கள்.

வேதமாணிக்கம் ஆண்கள் பக்கம் இரண்டாவது பெஞ்சில் இருந்தார். நான் இடித்துப்பிடித்து அவர் அருகில் உட்கார்ந்தேன். சும்மா உட்காரவில்லை. அவருடைய வேட்டி முனையை என் தொடைக்கு அடியில் போட்டு, என் முழு எடையையும் இறக்கி உட்கார்ந்தேன். என் எடை யானைக்குச் சற்றே குறைவு. ஆண்டவர் முன்குறித்தாரோ, மனுஷன் தானாகத் தீர்மானிப்பானோ, வேட்டியை விட்டுவிட்டு எவனும் சபையில் எழுந்திருக்கமாட்டான் என்பது என் இறையியல்.

எதிர்ப் பக்கத்தில் பெர்சிஸ். முக்காட்டுக்குள் அவள் கண் மட்டும் தெரிந்தது. தரையைப் பார்க்கவில்லை. நேராகத் தன் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போதகர் மூன்றாம் ஓலையை எடுத்தார். பெயர்களை வாசித்தார். இவர்கள் இணைவதற்குத் தடை ஏதும் உண்டென்று யாராவது அறிந்திருந்தால், என்று சொல்லித் தலையை நிமிர்த்தினார்.

வேதமாணிக்கம் எழுந்தார்.

என் யானை எடை, என் இறையியல் எல்லாம் போயிற்று. வேட்டி அவிழ்ந்தது. அதை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். சபை முழுவதும் மூச்சை உள்ளே இழுத்த சத்தம் எனக்குக் கேட்டது. பூமணி கண்ணை மூடிக்கொண்டாள். நான் அவர் கையைப் பிடித்தேன்.

"சொல்லுங்க வேதமாணிக்கம் ஐயா," என்றார் போதகர். "தடை ஏதும்...?"

வேதமாணிக்கம் வேட்டியை இன்னும் இறுக்கினார்.

"ஐயா, பின்னால கேக்கல," என்றார். "இன்னொரு தரம் வாசிங்க. நல்லாச் சத்தமா வாசிங்க."

நாங்கள் இருந்தது இரண்டாவது பெஞ்ச்.

போதகர் அவரை ஒரு நிமிடம் பார்த்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, முதலிலிருந்து மறுபடி வாசித்தார். இந்தத் தடவை பெயர்களை நிறுத்தி நிறுத்தி, தெருவுக்குக் கேட்கிற மாதிரி. வேதமாணிக்கம் உட்காரவில்லை. தடை உண்டா என்ற இடம் வந்ததும், ஒரு கையில் வேட்டியைப் பிடித்தபடியே சபைப் பக்கம் திரும்பி, ஒவ்வொரு பெஞ்சாக முறைத்துப் பார்த்தார். கைக்குழந்தைகூட இருமவில்லை.